பழைய டிரையல்ஸ் மோட்டார் சைக்கிள்களின் முன் ஃபோர்க்: மாற்றங்களின் வரலாறு

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை இரு பக்கமும் பற்றி, வண்டியின் கழுத்துப் பகுதியோடு இணைக்கும் அமைப்பு முன் ஃபோர்க் எனப்படும். சக்கரத்தைத் தாங்குதல், திருப்புதல், மேடுபள்ளங்களின் அதிர்வை வாங்கிக்கொள்ளுதல் ஆகிய மூன்று வேலைகளையும் அதுவே செய்கிறது. சாலையில் செல்லும் வண்டியில் இவை தனித்தனியே வந்து போகும். பாறைகளிலும் ஓடைப்படுகைகளிலும் சேற்றுச் சரிவுகளிலும் மெதுவாக ஓட்டப்படும் டிரையல்ஸ் வண்டியிலோ மூன்றும் ஒரே நொடியில் தேவைப்படும். அதனால் டிரையல்ஸ் வண்டியின் வளர்ச்சியில் எஞ்சினுக்கு நிகரான இடம் ஃபோர்க்குக்கு உண்டு.

பழைய டிரையல்ஸ் வண்டிகளை மீட்டெடுத்து ஓட்டுவோர் இன்று முதலில் கைவைக்கும் பாகங்களில் ஒன்று முன் ஃபோர்க். அப்படி மாற்றிய வண்டியைப் பழைய வண்டி என்று சொல்லலாமா என்ற விவாதம் பிரித்தானியாவில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. ஃபோர்க்கை மாற்றும் பழக்கமோ அந்த விவாதத்தைவிட மிகப் பழையது. அவ்வண்டிகள் புதியனவாக இருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது.

டிரையல்ஸ் போட்டி

டிரையல்ஸ் வேகப் போட்டி அன்று. கடினமான நிலப்பகுதிகளில் குறிக்கப்பட்ட குறுகிய பாதைகளை ஓட்டுநர் காலை ஊன்றாமல், நிற்காமல் கடக்க வேண்டும். ஒவ்வொரு பாதையிலும் ஒரு கண்காணிப்பாளர் நின்று பிழைகளை எண்ணுவார். காலை ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, கடக்கத் தவறினால் 5 புள்ளி என்று பிழைப்புள்ளிகள் சேரும். குறைந்த புள்ளி பெற்றவரே வெற்றியாளர்.

மோட்டார் சைக்கிள் நம்பத்தக்க வாகனம்தானா என்று சோதிப்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட நெடும்பயணப் போட்டிகளிலிருந்து இவ்விளையாட்டு பிறந்தது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் நடக்கும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையல் இவற்றுள் புகழ்பெற்றது. 1909-இல் ஐந்து நாள் போட்டியாகத் தொடங்கிய இது பின்னர் ஆறு நாளாக விரிந்தது.

நடந்து செல்லும் வேகத்தில் ஒரு பாறைமேல் ஏறும்போது முன்சக்கரம் ஓட்டுநர் நினைத்த இடத்திலிருந்து விரலளவு விலகினாலும் கால் தரையைத் தொட்டுவிடும். ஃபோர்க் வளைந்து கொடுத்தாலோ, அமுங்கிய வேகத்தில் துள்ளி எழுந்தாலோ, இறுகிப்போய் அசையாமல் நின்றாலோ அந்த விலகல் நேரும்.

கர்டர் ஃபோர்க் காலம்

இரண்டாம் உலகப் போருக்கு முன் பெரும்பாலான பிரித்தானிய வண்டிகளில் இருந்தது கர்டர் ஃபோர்க். இரும்புக் குழாய்களாலான விறைப்பான சட்டம் ஒன்று, மேலும் கீழும் உள்ள குறுகிய இணைப்புத் தண்டுகள் மூலம் வண்டியின் கழுத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு சுருள்வில் இருக்கும். சக்கரம் மேலெழும்போது சட்டம் முழுவதும் எழுந்து வில்லை அழுத்தும். ஆட்டத்தைத் தணிக்க, இறுக்கித் தளர்த்தக்கூடிய உராய்வுத் தட்டுகள் பொருத்தப்பட்டன.

கர்டர் ஃபோர்க்கின் வலு அதன் விறைப்பு. பக்கவாட்டில் அது எளிதில் முறுக்கிக்கொள்ளாது. குறை அதன் குறுகிய இயக்கம். சக்கரம் சில அங்குலங்களே மேலும் கீழும் நகர முடிந்தது. உராய்வுத் தட்டுகளின் பிடி, நீரும் சேறும் பட்டால் மாறிவிடும். இணைப்புத் தண்டுகளின் ஊசிகளும் புஷ்களும் விரைவில் தேய்ந்தன. எனவே அக்கால ஓட்டுநர்கள் டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்து, டயரையே ஒரு வில்லாகப் பயன்படுத்தினர். குறைந்த அழுத்தத்தில் டயர் ஓட்டும் வழக்கம் டிரையல்ஸில் இன்றும் உண்டு.

டெலஸ்கோபிக் ஃபோர்க்கின் வரவு

ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் நழுவி இயங்கும் டெலஸ்கோபிக் ஃபோர்க், எண்ணெய்த் தணிப்போடு தொடர் உற்பத்திக்கு வந்தது 1935-இல். ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தன் ஆர் 12, ஆர் 17 மாடல்களில் அதைப் பொருத்தியது. உள்ளே சுருள்வில் அதிர்வை வாங்கும். சிறு துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும் எண்ணெய் துள்ளலை அடக்கும்.

பிரித்தானியாவில் ஏஜேஎஸ், மேட்ச்லெஸ் வண்டிகளைத் தயாரித்த ஏஎம்சி நிறுவனம், போர்க்காலத்தில் ‘டெலிட்ராலிக்’ என்ற பெயரில் இத்தகைய ஃபோர்க்கை உருவாக்கியது. 1941 முதல் ராணுவத்துக்கான மேட்ச்லெஸ் ஜி3/எல் வண்டிகளில் அது வந்தது. கரடுமுரடான பாதைகளில் செய்தி கொண்டுசென்ற வீரர்களால் சோதிக்கப்பட்ட இந்த ஃபோர்க், போர் முடிந்ததும் டிரையல்ஸ் வண்டிகளுக்கு ஆயத்தமாகக் கிடைத்தது. ஹியூ வைனி ஏஜேஎஸ் வண்டியில் 1947, 1948, 1949 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலில் வென்றார். அதே நிறுவனத்தின் ஓட்டுநர் கார்டன் ஜாக்சன் 1961-இல் ஆறு நாள்களிலும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி மட்டும் இழந்து வென்றது டிரையல்ஸ் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

எல்லா வண்டிகளுக்கும் இந்த வசதி ஒரே அளவில் கிடைக்கவில்லை. 1948-இல் வந்த 125 சிசி பிஎஸ்ஏ பேண்டம் டி1 வண்டியின் ஃபோர்க் தோற்றத்தில் டெலஸ்கோபிக்தான். ஆனால் அதன் உள்ளே இருந்தவை வில்லும் கிரீஸும் மட்டுமே. எண்ணெய்த் தணிப்பு கிடையாது. 1959 மாடலான டி7-இல்தான் அது வந்தது. மலிவும் எடைக் குறைவும் கொண்ட பேண்டம் பிற்காலப் பழைய வண்டிப் போட்டிகளில் மிக விரும்பப்படும் வண்டியாயிற்று. அதன் ஃபோர்க் அப்படியே விடப்படுவது அரிதானது ஏன் என்பதற்கு இந்தக் கிரீஸ் ஃபோர்க்கே விளக்கம்.

கிரீவ்ஸின் வேறு வழி

எல்லோரும் டெலஸ்கோபிக் வழியில் செல்லவில்லை. இங்கிலாந்தின் எஸெக்ஸ் மாவட்டத்தில் பெர்ட் கிரீவ்ஸ் நடத்திய நிறுவனம், முதலில் உடல் ஊனமுற்றோருக்கான ‘இன்வாகார்’ மோட்டார் வண்டிகளைத் தயாரித்தது. கிரீவ்ஸின் உறவினரும் தொழில் கூட்டாளியுமான டெர்ரி பிரெஸ்டன்-காப் நடக்க இயலாதவர். அவருக்காக ஒரு சக்கர நாற்காலியில் எஞ்சின் பொருத்தியதே அத்தொழிலின் தொடக்கம். அவ்வண்டிகளில் பயன்பட்ட ரப்பர்த் தாங்கி முறையை கிரீவ்ஸ் மோட்டார் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார்.

கிரீவ்ஸ் ஃபோர்க்கில் சக்கரம் முன்நோக்கி நீண்ட இரு குறுங்கைகளின் நுனியில் தாங்கப்பட்டது. கை மேலெழும்போது அதன் அச்சிலுள்ள ரப்பர் உருளை முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கமே வில்லாகச் செயல்பட்டது. உரசி நழுவும் குழாய்கள் இல்லாததால் சிறு கற்களைக்கூட அது உணர்ந்து இயங்கியது. பிரேக் பிடிக்கும்போது முன்பகுதி அமுங்குவதும் குறைவு. 1950-களிலும் 1960-களின் முற்பகுதியிலும் கிரீவ்ஸ் வண்டிகள் டிரையல்ஸில் பெரும் வெற்றிகள் கண்டன. இருந்தும் எடையும் இயக்க நீளமும் டெலஸ்கோபிக் பக்கமே சாய்ந்ததால் கிரீவ்ஸும் இறுதியில் அவ்வழிக்கே வந்தது.

நிறுவன ஓட்டுநர்களின் மாற்றங்கள்

நிறுவனங்களின் சார்பில் போட்டியிட்டவர்கள் ஓட்டிய வண்டிகளும் கடையில் விற்ற வண்டிகளும் ஒன்றல்ல. வில்லின் கடினம், எண்ணெயின் அடர்த்தி, ஃபோர்க்கின் நீளம், கழுத்தின் சாய்வு ஆகியவற்றை ஓட்டுநரும் பட்டறை மெக்கானிக்கும் சேர்ந்து பருவத்துக்குப் பருவம் மாற்றினர்.

இதன் உச்சம் சாமி மில்லரின் 500 சிசி ஏரியல் வண்டி. ஜிஓவி 132 என்ற பதிவெண்ணாலேயே அது அறியப்படுகிறது. வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த மில்லர் சட்டகம் முதல் சிறு திருகுகள் வரை எடையைக் குறைத்து, ஒரு கனத்த வண்டியை ஏறத்தாழ 110 கிலோவுக்குக் கொண்டுவந்தார். அவ்வண்டியில் 1962, 1964 ஆண்டுகளில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலை வென்றார். அவர் ஓட்டிய காலத்தில் ‘அசல் ஏரியல்’ என்று ஒரு நிலையான வடிவம் அவ்வண்டிக்கு இருந்ததே இல்லை.

உற்பத்தியாளர்களும் தயங்கவில்லை. ஏஎம்சி நிறுவனம் தன் புகழ்பெற்ற டெலிட்ராலிக் ஃபோர்க்கைக் கைவிட்டு, 1964 மாடல்களில் தன் குழுமத்தைச் சேர்ந்த நார்ட்டனின் ‘ரோட்ஹோல்டர்’ ஃபோர்க்கைப் பொருத்தியது. டெலிட்ராலிக்கின் உள்குழாய் 1⅛ அங்குலம், அதாவது 28.6 மி.மீ. விட்டம் கொண்டது. ரோட்ஹோல்டரின் விட்டம் ஏறத்தாழ 34.5 மி.மீ. சுவரின் தடிமன் ஒன்றாக இருந்தால் ஒரு குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். இந்தக் கணக்கில் 6 மி.மீ. வேறுபாடு விறைப்பை ஏறத்தாழ 75 விழுக்காடு உயர்த்துகிறது.

ஸ்பெயின் வண்டிகளும் புதிய ஃபோர்க்கும்

1964-இன் இறுதியில் மில்லர் ஏரியலை விட்டு ஸ்பெயினின் புல்டாகோ நிறுவனத்தில் சேர்ந்தார். பார்சிலோனா அருகே அவரது வழிகாட்டுதலில் மிகச் சில நாள்களில் உருவான 250 சிசி இரண்டு ஸ்ட்ரோக் வண்டியே ஷெர்பா டி. 1965 ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலை மில்லர் அதில் வென்றார். கனமான நான்கு ஸ்ட்ரோக் பிரித்தானிய வண்டிகளின் காலம் அத்தோடு முடிவுக்கு வரத் தொடங்கியது.

இக்காலத்தில் ஃபோர்க் தயாரிப்பு, வண்டி நிறுவனங்களின் கையிலிருந்து தனிச் சிறப்பு நிறுவனங்களின் கைக்கு மாறியது. இத்தாலியின் செரியானி நிறுவனம் அலுமினியக் கலவை வெளிக்குழாயும் நீண்ட இயக்கமும் கொண்ட ஃபோர்க்குகளால் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. ஸ்பெயினின் பெடோர் நிறுவனம் அதே வழியில் தயாரித்த ஃபோர்க்குகள் புல்டாகோ, மான்டெசா, ஒஸ்ஸா வண்டிகளில் இடம்பெற்றன. சக்கரத்தின் இயக்கம் ஆறு அங்குலத்துக்கு மேல் சென்றது. பிற்கால ஷெர்பாக்களில் உள்குழாயின் விட்டம் 35 மி.மீ. ஆயிற்று. டிரையல்ஸ் உலகச் சாம்பியன் பட்டம் 1975-இல் தொடங்கியபோது அதை முதலில் வென்ற மார்ட்டின் லாம்ப்கின் ஓட்டியதும் புல்டாகோதான்.

ஃபோர்க்கை மாற்றும்போது நிகழ்வது

பழைய வண்டியில் ஃபோர்க்கை மேம்படுத்த மூன்று வழிகள் வழக்கில் உள்ளன. பழைய ஃபோர்க்கின் புஷ், ஆயில் சீல், வில் ஆகியவற்றைப் புதுப்பித்தல் முதல் வழி. வெளிக்குழாயை அப்படியே வைத்து உள்ளிருக்கும் தணிப்பு அமைப்பை மட்டும் மாற்றுதல் இரண்டாவது. வேறொரு வண்டியின் ஃபோர்க்கை முழுமையாகப் பொருத்துதல் மூன்றாவது.

முதல் வழியே பலருக்குப் போதுமானது. தேய்ந்த புஷ், வளைந்த குழாய், தளர்ந்த வில், பழைய எண்ணெய் ஆகியவை சேர்ந்து தரும் தொல்லையை, ஃபோர்க்கின் வடிவமைப்புக் குறை என்று தவறாக எண்ணுவது வழக்கம். இரு குழாய்களும் சிறிதளவு இணை தவறியிருந்தாலும் உராய்வு கூடி, மெதுவான வேகத்தில் ஃபோர்க் அசையாமல் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாம் வழி பழைய தணிப்பு முறையின் இயல்பான குறையைத் தீர்ப்பது. நிலையான துளை வழியே பிதுங்கும் எண்ணெயின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. அதாவது ஃபோர்க் இரு மடங்கு வேகத்தில் அமுங்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மெதுவாக அமுங்கும்போது தணிப்பு போதாது. திடீரென்று ஒரு கல்லில் மோதும்போது ஃபோர்க் கட்டையாகிவிடும். மெல்லிய எஃகு வட்டுகள் வளைந்து வழிவிடும் வால்வு இந்த ஏற்றத்தாழ்வைச் சீராக்குகிறது.

மூன்றாம் வழியே அதிகக் கவனம் வேண்டுவது. ஃபோர்க்கின் நீளம் மாறினால் வண்டியின் நிலையே மாறும். சக்கரங்களின் இடைத்தொலைவு 1300 மி.மீ. உள்ள வண்டியில் முன்பகுதி 25 மி.மீ. உயர்ந்தால் கழுத்தின் சாய்வு ஏறத்தாழ 1 பாகை கூடும். கழுத்தின் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் இடையிலான தொலைவு 6 அல்லது 7 மி.மீ. நீளும். எண்ணிக்கையில் இது சிறிது. ஆனால் குறுகிய வளைவில் முன்சக்கரம் திரும்ப மறுத்து வெளியே நழுவ இதுவே போதும். சிறந்த ஃபோர்க் பொருத்தியும் வண்டி மோசமானது என்று சொல்வோரின் குறை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். குழாய்களை மேல் தாங்கியில் சற்று உயர்த்திப் பொருத்துவது, முன்தள்ளல் வேறுபட்ட தாங்கிகளைப் பயன்படுத்துவது ஆகியவை இதைச் சரிசெய்யும் வழிகள்.

பிரேக்கும் இதில் அடங்கும். டிரம் பிரேக்கின் தட்டு சுழன்றுவிடாமல் தடுக்கும் பிடிப்பு, ஃபோர்க்கின் வெளிக்குழாயில் இருக்கிறது. புதிய ஃபோர்க்கில் அப்பிடிப்பு பொருந்தாமல், தற்காலிகமாக ஒரு தகடு வைத்து ஒப்பேற்றினால், அது முறியும்போது முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஓட்டுநரைத் தூக்கி எறியக்கூடும்.

பிரி-65 போட்டிகளும் விதிகளும்

ஸ்பெயின், ஜப்பான் வண்டிகள் களத்தைக் கைப்பற்றியபின் பழைய பிரித்தானிய வண்டிகளுக்கென்று தனிப் போட்டிகள் எழுந்தன. 1965-க்கு முந்தைய வண்டிகளுக்கானவை என்பதால் இவை ‘பிரி-65’ எனப்படுகின்றன. ஷெர்பா வந்து எல்லாவற்றையும் மாற்றிய ஆண்டே எல்லைக்கோடாக அமைந்தது. ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் ஊரில் 1984 முதல் நடக்கும் பிரி-65 ஸ்காட்டிஷ் டிரையல் இவற்றில் பெயர்பெற்றது. ஆண்டுதோறும் ஆறு நாள் டிரையலுக்குச் சற்று முன்பு அது நடைபெறும்.

இப்போட்டிகளின் விதிகள் மன்றத்துக்கு மன்றம் வேறுபடும். ஆயினும் ஒரு பொதுப் போக்கைக் காணலாம். சோதனையாளர் கண்ணால் பார்க்கக்கூடியவை வெளிக்குழாய், தாங்கி, சக்கர மையம் ஆகியவை. அவை அக்காலத்து வடிவில் இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. ஃபோர்க்கைக் கழற்றாமல் உள்ளே பார்க்க முடியாது. எனவே 1950-களின் வெளிக்குழாய்க்குள் இன்றைய வில்லும் வால்வும் வைத்த வண்டிகள் பெருகின. பழைய வடிவில் புதிதாக வார்க்கப்பட்ட பாகங்களும் சந்தைக்கு வந்தன.

இதன் விளைவு ஓட்டப் பாதைகளில் தெரிந்தது. மேம்படுத்தப்பட்ட வண்டிகள் எளிதில் கடந்ததால், வெற்றியாளரைப் பிரித்தறிய அமைப்பாளர்கள் பாதைகளைக் கடினமாக்க வேண்டியிருந்தது. பாதைகள் கடினமானபோது, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருந்த வண்டிகளால் கடக்க முடியவில்லை. அவற்றின் உரிமையாளர்கள் தாங்களும் ஃபோர்க்கை மாற்ற வேண்டும், அல்லது விலக வேண்டும் என்ற நிலை வந்தது. பழைய வண்டிகளுக்காகத் தொடங்கிய போட்டியில் மாற்றப்படாத பழைய வண்டிக்கே இடம் சுருங்கியது. இதை ஈடுசெய்யப் பல மன்றங்கள் ஒரே போட்டியில் எளிய பாதை, கடினப் பாதை என இரண்டை வைக்கின்றன. வண்டிகளை வகை பிரித்தும் பரிசளிக்கின்றன.

சென்னையோடுள்ள தொடர்பு

ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் தன் புதிய 350 சிசி புல்லட்டின் முன்மாதிரிகளை 1948 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கோல்மோர் கோப்பை டிரையலில் முதன்முதலாகக் களமிறக்கியது. எண்ணெய்த் தணிப்புள்ள முன் ஃபோர்க்கோடு, பின்சக்கரத்துக்கும் ஊசலாடும் கையும் ஷாக் அப்சார்பர்களும் அதில் இருந்தன. பின்பகுதி விறைப்பாக இருந்தால்தான் சக்கரம் மண்ணைப் பற்றும் என்று டிரையல்ஸ் ஓட்டுநர்கள் நம்பிய காலம் அது. ஜானி பிரிட்டன் 1952, 1957 ஆண்டுகளில் புல்லட்டில் ஸ்காட்டிஷ் ஆறு நாள் டிரையலை வென்று அந்நம்பிக்கையைத் தகர்த்தார். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானபின், அதே புல்லட்டின் வழித்தோன்றல்கள் சென்னை திருவொற்றியூரில் தயாராயின.

2019-இல் அந்நிறுவனம் பிரிட்டனின் வண்டிகளை நினைவுகூர்ந்து ‘புல்லட் டிரையல்ஸ்’ என்ற மாடலை இந்தியாவில் வெளியிட்டது. உயர்ந்த புகைக்குழாய், ஒற்றை இருக்கை, குறுக்குக் கம்பியிட்ட ஹேண்டில்பார் என டிரையல்ஸ் தோற்றம் அதற்கு இருந்தது. முன் ஃபோர்க்கோ சாலைப் புல்லட்டின் 35 மி.மீ. ஃபோர்க்தான். பிரி-65 வண்டிகளில் பழைய உருவத்துக்குள் புதிய இயக்கம் என்றால், இங்கே டிரையல்ஸ் உருவத்துக்குள் சாலை வண்டியின் இயக்கம்.

அசல் எது

ஃபோர்க் மாற்றத்தை எதிர்ப்போர், வண்டி ஒரு வரலாற்று ஆவணம் என்கின்றனர். கிரீஸ் நிரம்பிய பேண்டம் ஃபோர்க்கோடு ஒருவர் மலைச்சரிவில் ஏறியது எத்தகைய திறன் என்பதை அந்த ஃபோர்க் இருந்தால்தான் உணர முடியும். ஆதரிப்போர், அக்கால ஓட்டுநர் எவரும் தொழிற்சாலை கொடுத்ததை அப்படியே ஓட்டவில்லை என்கின்றனர். மாற்றி மேம்படுத்துவதே அவ்விளையாட்டின் மரபு என்பது அவர்கள் வாதம். இரண்டுமே வரலாற்றால் ஆதரிக்கப்படுபவை. முன்னவர் காப்பது பொருளை. பின்னவர் காப்பது பழக்கத்தை.

இவ்விரண்டுக்கும் இடையே நடைமுறையில் ஒரு கோடு உண்டு. திரும்பப் பெறக்கூடிய மாற்றம், திரும்பப் பெற முடியாத மாற்றம் என்பதே அது. வில்லையும் வால்வையும் மாற்றினால் பின்னொருவர் பழையவற்றைத் திரும்பப் பொருத்தலாம். ஃபோர்க் முழுவதையும் மாற்றினாலும், கழற்றியதை எண்ணெய் பூசி வைத்திருந்தால் வண்டி தன் பழைய நிலைக்கு மீளும். புதிய ஃபோர்க்குக்காகச் சட்டகத்தின் கழுத்தை அறுத்துச் சாய்வை மாற்றினாலோ, பழைய வெளிக்குழாயைக் கடைந்து மெலிதாக்கினாலோ அவ்வழி அடைபடுகிறது. டெலிட்ராலிக்கும் கிரீவ்ஸின் ரப்பர்க் கைகளும் இன்று காணக் கிடைப்பது, மாற்றியவர்கள் கழற்றியதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த இடங்களில்தான்.